வெள்ளை மணல் குடித்த எஞ்சின் ஒயில்

எங்கள் முற்றம் முழுக்க வெள்ளை மணல். மட்டக்களப்பில், கல்லடியில் கடற்கரைப் பக்கமாக வீடு உள்ளவர்களுக்கு இது தெரியும், காலையில் கூட்டிவிட்டால் விளக்குமாற்றுக் கோடு அப்படியே நிற்கும், ஒரு வேப்பிலை விழுந்தாலும் கண்ணில் படும். அப்படிப்பட்ட முற்றத்தில் அப்பாவின் கார் ஒரு வருடத்துக்கு மேலாக எஞ்சின் ஒயிலைச் சொட்டிக்கொண்டு நின்றிருக்கிறது, நாங்கள் ஒருவரும் காணவில்லை. மணல் குடித்துவிட்டது. சொட்டு விழும், உள்ளே இறங்கும், காற்று மேலே கொஞ்சம் மணலைத் தள்ளி மூடிவிடும், அவ்வளவுதான்.

கண்டுபிடித்தது கல்முனை மாமி. ஒரு கலியாணத்துக்குப் போய் இரவு அங்கேயே தங்கினோம். மாமி வீட்டு முன்பக்கம் புதிதாக டைல்ஸ் பதித்திருந்தார்கள், வெளிர் நிற டைல்ஸ், அதன் மேல்தான் காரை நிறுத்தினேன். விடிய எழும்பி முகம் கழுவப் போகும்போது மாமி கூப்பிட்டா. "மகள், உங்கட கார் நிண்ட இடத்த ஒருக்கா வந்து பாருங்க." கோபமாகச் சொல்லவில்லை, ஆனாலும் எனக்கு முகம் சுருங்கிப் போனது. காருக்குக் கீழே இரண்டு கறுப்புத் திட்டு. ஒன்று ஐந்து ரூபாய்க் குற்றி அளவு, மற்றது உள்ளங்கை அளவு. சவர்க்காரத் தூளும் பழைய துணியும் வாங்கி நான்தான் முழங்காலில் இருந்து துடைத்தேன். பெரிய திட்டு முழுதாகப் போகவில்லை, டைல்ஸ் இடைக்கோட்டில் இன்னும் மங்கலாக இருக்கிறது.

அப்பா வழி முழுக்க அமைதியாகவே வந்தார். பெரியநீலாவணை தாண்டும்போதுதான் சொன்னார், "பழைய கார் கொஞ்சம் வேர்க்கும் மகள், அதுக்கு என்ன செய்யிற" என்று. வீட்டுக்கு வந்ததும் அவருடைய கொப்பியை எடுத்துப் பார்த்தேன். அப்பா கார் வாங்கிய நாளிலிருந்து ஒரு கொப்பி வைத்திருக்கிறார். திகதி, ஓடிய கிலோமீற்றர், என்ன செய்தது, எவ்வளவு காசு, எல்லாம் அழகான கையெழுத்தில் இருக்கும். அதில் போன வருடத்துப் பக்கங்களைப் புரட்டினால் "ஒயில் ½ லீ. விட்டது" என்று ஒரு வரி, கொஞ்சம் தள்ளி அதே வரி, பிறகு மறுபடியும் அதே வரி. ஏறத்தாழ ஆயிரம் கிலோமீற்றருக்கு அரை லீட்டர். எங்கள் எஞ்சினுக்கு மொத்தமே மூன்று லீட்டர் அளவில்தான் ஒயில் பிடிக்கும், அதில் அரை லீட்டர் என்றால் ஆறில் ஒரு பங்கு. அப்பா எங்களைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று தன்பாட்டில் விட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

கார் 1994இல் செய்த டொயோட்டா கொரோலா, இங்கே எல்லோரும் கொரோலா நூறு என்று சொல்வது. 5ஏ-எஃப்ஈ எஞ்சின், 1498 சிசி, பெற்றோல், கையால் மாற்றும் கியர். "வித்துப்போட்டு வேற எடுங்க" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் பழைய கார்களின் விலை எங்கே போய் நின்றது என்று இலங்கையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் எனக்கு விலையை விட வேறொரு கவலை இருந்தது. கார் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் கிணறு பதினைந்து அடி கூட இல்லை. எங்கள் பக்கத்து மண்ணில் தண்ணீர் வெகு ஆழத்தில் இல்லை, மாரியில் கையால் எட்டித் தொடும் அளவுக்கு மேலே வரும், மேலே மணலில் விழுவது எல்லாம் வடிந்து அந்தத் தண்ணீருக்குத்தான் போகும். பாவித்த ஒயில் வெறும் எண்ணெய் இல்லை, எஞ்சினுக்குள் எரிந்த கரியும் உலோகத் தூளும் சேர்ந்தது. கார் நிற்கும் இடத்தை மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தேன். மேலே ஒரு அங்குலம் வெள்ளை. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், பிடித்தால் விரலில் பிசுபிசுக்கும் கட்டி மணல், முழங்கை ஆழம் வரை. அன்றைக்கே முடிவெடுத்தேன், இதைக் கண்டுபிடித்து நிறுத்தாமல் விடுவதில்லை.

முதலில் செய்தது காசு செலவில்லாத வேலை. பிரிஜ் வந்த பெட்டியின் காட்போட் மட்டையை விரித்து எஞ்சினுக்குக் கீழே போட்டு, முன் சில்லு நிற்கும் இடத்தைப் பேனையால் கோடு போட்டு வைத்தேன். ஓடி வந்து சூடாக நிறுத்தியதும் போட வேண்டும், காலையில் எடுக்க வேண்டும். சொட்டு எங்கே விழுகிறது என்பது அப்போது தெரியும். என்ன சொட்டு என்பதும் தெரியும், அது முக்கியம், ஏனென்றால் காரிலிருந்து விழுவதெல்லாம் எஞ்சின் ஒயில் இல்லை. ஏசி போட்டு ஓடினால் தண்ணீர் விழும், அதில் பயம் இல்லை. ரேடியேட்டர் தண்ணீர் பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்கும், இனிப்பான ஒரு வாசம் வரும். கியர் ஒயில் என்றால் கந்தக நாற்றம், ஒரு தரம் மணந்தால் மறக்காது. எங்கள் மட்டையில் இருந்தது கபில நிறம், விரலில் தேய்த்தால் கறுப்பு, கந்தக நாற்றம் இல்லை. எஞ்சின் ஒயில்தான். புகைக்குழாயில் நீலப் புகையும் இல்லை, ஆக எரிந்து போகவில்லை, வெளியேதான் போகிறது. சொட்டு விழுந்தது காரின் இடப்பக்கம், எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே.

அந்த இடம்தான் எங்களைப் பிழையான வழியில் கொண்டுபோகப் பார்த்தது.

டவுன் பக்கம் ஒரு கராஜில் காட்டினோம். அவர்கள் ஜக் போட்டு, கீழே படுத்து, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "பின் ஒயில் சீல் போயிற்று, கியர்பொக்ஸை இறக்கணும்" என்றார்கள். கிராங்க் தண்டு எஞ்சினை விட்டு வெளியே வரும் பின்முனையில் ஒயில் கசியாமல் தடுக்கும் சீல் அது. சீல் பெரிய விலை இல்லை, ஆனால் அதற்குப் போய்ச் சேர கியர்பொக்ஸை இறக்க வேண்டும், இறக்கினால் கிளச் பிளேட்டையும் சேர்த்துப் போடுவதுதான் நல்லது என்பார்கள், அது நியாயம்தான், மொத்தத்தில் எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல் கணக்குச் சொன்னார்கள். அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த இடத்தில் ஒயில் கண்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் எஞ்சின் முழுக்கக் கறுப்புச் சேறு அப்பிக் கிடக்கிறது, எதுவும் துடைக்கவில்லை, மேலிருந்து ஒரு தரம் கூடப் பார்க்கவில்லை. பொனட்டைத் திறக்கவே இல்லை. அதுதான் எனக்கு மனசுக்குள் உறுத்தியது. "யோசிச்சுச் சொல்றம்" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

அப்பாவோடு முன்பு வேலை செய்த ஒருவர் சொல்லித்தான் காத்தான்குடி மெக்கானிக் நானாவிடம் போனோம். பெரிய கராஜ் இல்லை, வீட்டோடு சேர்ந்த ஒரு தகரக் கொட்டில், ஒரு நேரத்தில் இரண்டு கார்தான் நிற்கும். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. மதிய லுஹர் தொழுகைக்குப் போய்விட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, பொனட்டைத் திறந்து, டோர்ச்சை அடித்து எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் இடையில் வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்ச பாருங்க மகள். கியர்பொக்ஸ்ட மேல்பக்கம் நனைஞ்சிரிக்கி. பின் சீல் போனா ஒயில் கீழாலதானே வரணும்? மேல எப்படி ஏறும்?"

எனக்கு அந்த ஒரு கேள்வியில் எல்லாம் விளங்கியது. பின் சீல் போனால் ஒயில், கிளச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் உள்ளே வடிந்து அடியில் சொட்டும், கிளச்சில் பட்டால் கிளச் வழுக்கும், ஆனால் ஹவுசிங்கின் வெளி மேற்பக்கம் காய்ந்துதான் இருக்கும். எங்களுடையதில் மேற்பக்கமே எண்ணெய்ச் சேறு. ஒயில் அதற்கும் மேலே எங்கிருந்தோ வருகிறது.

"நானா, அப்ப எங்கால வருது?"

"கழுவாம சொல்ல ஏலா. ஒயில் ஒரு இடத்தால வரும், காத்து வேற இடத்துக்குக் கொண்டுபோகும், சொட்டுறது மறுகா இன்னொரு இடத்தில. கழுவிட்டு ஓடிட்டு வாங்க, அப்ப நானும் பாக்கிறன், நீங்களும் பாருங்க."

நீங்களும் பாருங்க என்று அவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது.

கழுவும் வேலையை முற்றத்தில் செய்ய எனக்கு மனம் வரவில்லை, கிணற்றை நினைத்து. கழிவு ஒயில் பிடிக்கும் தொட்டி உள்ள ஒரு சேர்விஸ் ஸ்ரேஷனில் கேட்டு, அங்கே வைத்து, பாதி வேலையை நானே செய்தேன். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினோம். பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஒல்ரனேற்றர், பிளக்குகளுக்கு நெருப்பைப் பிரித்து அனுப்பும் டிஸ்ரிபியூட்டர், காற்று உள்ளே போகும் வாய், மூன்றுக்கும் பொலித்தீன் சுற்றி இறப்பர் வளையம் போட்டோம், தண்ணீர் உள்ளே போனால் பிறகு கார் ஸ்ராட் ஆகாது. மண்ணெண்ணெயில் தோய்த்த தூரிகை, மூலைகளுக்குப் பழைய பல்தூரிகை. சேறு ஒரு தடவையில் போகாது. கியர்பொக்ஸின் மேற்பக்கத்தில் இருந்தது கிட்டத்தட்ட அரை அங்குலத் தடிப்பு, கரண்டியால் சுரண்ட வேண்டியிருந்தது, சுரண்டச் சுரண்ட அடியில் அலுமினியம் வெள்ளையாக வந்தது. வேகமாக அடிக்கும் தண்ணீரை டிஸ்ரிபியூட்டர் பக்கம் பிடிக்க வேண்டாம் என்று மட்டும் அங்கே வேலை செய்த தம்பியிடம் இரண்டு தரம் சொன்னேன். கழுவி முடிய ஒன்றரை மணித்தியாலம் போனது. வெயிலில் நன்றாகக் காயவிட்டோம், ஆடி மாதக் கச்சான் காற்று அன்றைக்கு உதவிக்கு வந்தது.

காய்ந்த பிறகு பவுடர். குழந்தைகளுக்குப் பூசும் பவுடர்தான், விசேடமான எதுவும் இல்லை. சந்தேகமான இடங்களில் எல்லாம் மெல்லிசாகத் தூவினேன்: எஞ்சினின் உச்சியில் உள்ள டெப்பட் கவரின் விளிம்பு நெடுக, டிஸ்ரிபியூட்டர் சிலிண்டர் தலையோடு சேரும் இடம், ஒயில் பில்டர், ஒயில் பிரஷர் சுவிச், பெல் ஹவுசிங்கின் மேற்பக்கம். ஒயில் எங்கே கசிந்தாலும் வெள்ளையில் கறுப்புக் கோடாகத் தெரியும், அது ஒரு தடத்தைப் போல, பின்னால் போனால் தொடங்கிய இடத்துக்கே கொண்டுபோகும். ஒயிலுக்குள் ஒரு சாயம் விட்டு நீல டோர்ச் அடித்துப் பார்க்கும் முறையும் உண்டு, சாயம் ஒளிரும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

களுவாஞ்சிக்குடி வரை ஓட்டினேன், போக வர ஐம்பது கிலோமீற்றர் அளவில் வரும். சூடானால்தான் ஒயில் இளகும், இளகினால்தான் கசியும், வீட்டு முற்றத்தில் பத்து நிமிடம் ஸ்ராட் பண்ணி வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. திரும்பி வந்து நேரே நானாவின் கொட்டிலில் நிறுத்திப் பொனட்டைத் திறந்தோம். எயார் கிளீனர் குழாயைக் கழற்றி அந்தப் பக்கம் வைத்தார். டோர்ச்சை நான் பிடித்தேன்.

தடம் தெளிவாக இருந்தது. டிஸ்ரிபியூட்டரின் உடம்பு சிலிண்டர் தலைக்குள் நுழையும் இடத்தில், அடிப்பக்கத்தில், ஒரு கறுப்பு ஈரம். அதிலிருந்து ஒரு விரல் அகலக் கோடு நேரே கீழே இறங்கிக் கியர்பொக்ஸின் மேல் விழுந்து, அங்கே பவுடரைக் குழைத்துப் பரவி, பெல் ஹவுசிங்கின் வளைவு வழியாக இரண்டு பக்கமும் ஓடி, அடியில் சொட்டுவதற்குத் தயாராக ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. மேலே தொடங்கியது கீழே பின் சீல் இருக்கும் இடத்தில் வந்து சொட்டுகிறது. இந்த எஞ்சினில் டிஸ்ரிபியூட்டர் தலையின் இடது முனையில், சரியாகக் கியர்பொக்ஸுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் இந்தக் குழப்பம். இதே குடும்பத்து எஞ்சின் உள்ள பழைய கொரோலா வைத்திருப்பவர்கள் யாராவது "கியர்பொக்ஸ் இறக்கணும்" என்று கேட்டிருந்தால், தயவுசெய்து இந்த இடத்தை ஒரு தரம் துடைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நானா டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. "உள்ளுக்க ஒயில் இல்ல, அப்ப வெளி ஓ-ரிங் மட்டும்தான்" என்றார். டிஸ்ரிபியூட்டர் தண்டோடு உள்ளேயும் ஒரு சீல் உண்டு, அது போனால் மூடிக்குள் ஒயில் வரும், நெருப்பு ஒழுங்காகப் பாயாது, எஞ்சின் நடுங்கும். அதை மாற்றுவது கொஞ்சம் பெரிய வேலை. எங்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

கழற்றுவதற்கு முன் அவர் செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு கூர்மையான ஆணியால் டிஸ்ரிபியூட்டரின் உடம்பிலும் அதற்கு நேரே தலையிலும் சேர்த்து ஒரு கீறல் போட்டார். திரும்பப் போடும்போது கீறலோடு கீறல் சேர வேண்டும், ஏனென்றால் அதை ஒரு பக்கம் கொஞ்சம் திருப்பினாலே நெருப்புப் பாயும் நேரம் மாறிவிடும். பிளக் வயர்கள் ஒவ்வொன்றுக்கும் ரேப் ஒட்டி இலக்கம் எழுதச் சொன்னார், அதை நான் செய்தேன். பிறகு பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, மெதுவாக ஆட்டி ஆட்டி வெளியே இழுத்தார். வந்தது.

அந்த ஓ-ரிங்கை இன்னும் வைத்திருக்கிறேன். இறப்பர் வளையம் என்றால் அதன் குறுக்குவெட்டு உருண்டையாக இருக்க வேண்டும். இது வெளிப்பக்கம் சட்டமாகத் தட்டையாகி, உலோகத்தின் வடிவத்தையே எடுத்துவிட்டது. பள்ளத்திலிருந்து எடுக்கச் சின்ன ஸ்குரூ டிரைவரால் நெம்பினார், காய்ந்த முறுக்கு மாதிரி இரண்டாக ஒடிந்தது. விரலால் அமத்தினேன், நகம் பதியவில்லை. முப்பது வருடம் எஞ்சினின் சூட்டில் கிடந்தால் எந்த இறப்பரும் இப்படித்தான் ஆகும், அதில் யாரையும் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

புதியது வாங்கத் துண்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு டவுனில் உள்ள ஸ்பெயார் பார்ட்ஸ் கடைகளுக்குப் போனேன். முதல் கடையில் தண்ணீர் பம்புக்குப் போடும் வளையம் ஒன்றைக் கொடுத்து "அளவு சரிதானே, போடுங்க" என்றார்கள். அளவு சரிதான். ஆனால் ஒயிலுக்கு ஆகாத இறப்பர் ஒயிலில் ஊறினால் வீங்கி இளகிவிடும், சில மாதத்தில் மறுபடி கதை தொடங்கும். ஒயில் தாங்கும் நைட்ரைல் இறப்பர் வேண்டும், அதைவிடச் சூடு தாங்குவது விட்டன் என்ற இறப்பர். இரண்டாவது கடையில் கிடைத்தது, முன்னூறு ரூபாயும் இல்லை. கிடைக்காமல் போயிருந்தால் கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் போகும் யாரிடமாவது சொல்லி விட்டிருப்பேன், எங்கள் ஊரில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அது வழக்கம்தானே.

போடுவதற்கு முன் பள்ளத்தைத் துணியால் சுத்தமாகத் துடைத்து, புதிய வளையத்தில் புது எஞ்சின் ஒயிலை விரலால் தடவினார். காய்ந்த வளையத்தைத் தள்ளினால் உருண்டு மடங்கி வெட்டுப்படும். தண்டின் நாக்கு, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததும் டிஸ்ரிபியூட்டர் தானாக உள்ளே போய் நின்றது. கீறலைச் சேர்த்து முறுக்கினார். கீறல் சேர்ந்தாலும் ஒரு மயிரிழை மாறியிருக்கலாம் என்று நெருப்புப் பாயும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டும் பிடித்தார். அதற்குப் பொனட்டுக்குள் உள்ள கறுப்புப் பெட்டியில் டிஈ1, ஈ1 என்ற இரண்டு முனைகளையும் ஒரு வயர்த் துண்டால் இணைக்க வேண்டும், இணைத்து வைத்துப் பார்த்தால் 10 பாகையில் நிற்க வேண்டும். நின்றது.

நான் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். நானா முடிக்கவில்லை. "ஓ-ரிங் போனது வயசால. ஆனா உள்ளுக்க காத்து அமுக்கம் கூடி இரிக்கா எண்டும் பாக்கணும்" என்று சொல்லி, டெப்பட் கவரில் செருகியிருக்கும் பிசிவி வால்வைப் பிடுங்கி என் காதுக்குப் பக்கத்தில் ஆட்டினார். சத்தம் இல்லை. நல்ல வால்வு என்றால் உள்ளே இருக்கும் குண்டு கிலுக்கென்று கேட்க வேண்டும். பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு இந்த வால்வு வழியாகத்தான் திரும்ப எஞ்சினுக்குள் உறிஞ்சப்படும். வால்வு அடைத்துக்கொண்டால் அந்த வாயு போக வழியில்லாமல் அடியில் ஒயில் தேங்கும் சம்ப்பிலிருந்து மேலே வரை அமுக்கும், அப்போது பலவீனமான சீல் எதுவோ அதன் வழியாக ஒயிலைத் தள்ளும். இதை மாற்றாமல் சீல்களை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தால் ஒயில் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போகும். பெற்றோலில் ஊறப்போட்டுக் கழுவிப் பார்த்தோம், லேசாகச் சத்தம் வந்தது, ஆனாலும் புதியதே வாங்கிப் போட்டோம். அதைச் செருகியிருக்கும் இறப்பரும் கல்லாகி இருந்தது, அதையும் மாற்றினோம்.

டெப்பட் கவருக்கு அடியில் உள்ள பெக்கிங்கும் ஒரு பக்கம் வேர்த்திருந்தது, பவுடரில் லேசான மஞ்சள் ஈரம். பிளக் வயரைப் பிடுங்கினால் இரண்டாவது சிலிண்டர் வயரின் நுனியில் எண்ணெய். இந்த எஞ்சினில் பிளக்குகள் கவருக்கு நடுவே குழிக்குள் இருக்கும், குழியைச் சுற்றியுள்ள சீல் இறுகினால் ஒயில் குழிக்குள் இறங்கும். பெக்கிங்கும் குழிச் சீல்களும் சேர்த்தே மாற்றினோம். இதில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: கவர் நட்டுகளைப் பலம் கொண்டு முறுக்கக் கூடாது. நானா கைப்பிடியின் நுனியைப் பிடிக்காமல் ரச்செட்டின் தலைப்பக்கத்தைப் பிடித்து, மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். கசிகிறது என்று இன்னும் இறுக்கினால் மெல்லிய கவர் வளைந்து, முன்பை விடக் கூடக் கசியும். கேம் தண்டின் மூடி தலையோடு சேரும் மூலைகளில் மட்டும் ஒரு பயறு அளவு சிலிக்கன் வைத்தார், அதற்கு மேல் இல்லை. கவர் முழுக்க சிலிக்கன் அப்புகிறவர்கள் உண்டு. அது உள்ளேயும் பிதுங்கும், பிய்ந்து விழுந்தால் ஒயில் உறிஞ்சும் வலையில் போய் அடைக்கும்.

இந்தக் காலத்தில் எனக்கு வந்த ஆலோசனைகள் பல. தடிப்பான ஒயில் விடு, 20-50 விட்டால் நின்றுவிடும் என்றார்கள். கசிவு கொஞ்சம் மந்தமாகும், கல்லாகிப்போன வளையம் மறுபடி இறப்பராக ஆகாது. ஒயிலோடு கலக்கும் கசிவு நிறுத்தி போத்தல் ஒன்றும் ஒரு கடையில் காட்டினார்கள். இறப்பரை ஊதவைத்து இளக்குவதுதான் அதன் வேலை, கசியாத நல்ல சீல்களுக்கும் அது அதையே செய்யும், அதனால் நான் வாங்கவில்லை. அதைவிட, ஒயில் பிரஷர் விளக்கு எரியவில்லைத்தானே, பயமில்லை என்று சொன்னவர்கள் மேல்தான் எனக்குக் கவலை. அந்தச் சிவப்பு விளக்கு ஒயில் அளவைக் காட்டுவதில்லை, அமுக்கத்தைக் காட்டுகிறது. அது எரியும்போது பம்பு உறிஞ்ச ஒயில் இல்லாத நிலைக்கு ஏற்கெனவே வந்திருப்போம். அளவு பார்க்க டிப்ஸ்டிக் ஒன்றுதான் வழி, சமமான தரையில் நிறுத்தி, எஞ்சின் நிறுத்தி ஐந்து நிமிடமாவது விட்டு.

எல்லாம் சேர்த்துப் பதினோராயிரம் ரூபாய்க்குள் முடிந்தது, நானாவின் கூலியும் சேர்த்து. கூலி கொடுக்கும்போது அவர் கேட்டதைவிடக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தோம், வாங்க மாட்டேன் என்று சொல்லிப் பிறகு அப்பா கையைப் பிடித்துக் கொடுத்ததால் வாங்கினார்.

கெட்டுப்போன மணலை வெட்டி அள்ளி, தடித்த பொலித்தீன் பைகளில் கட்டி வீட்டுக் கொட்டிலில் வைத்திருக்கிறேன், எங்கே கொடுப்பது என்று மாநகர சபையில் கேட்டுத்தான் அனுப்ப வேண்டும். குழியைப் புது மணலால் நிரப்பி, கார் நிற்கும் இடத்துக்கு மட்டும் சீமெந்துத் தகடு போட்டுவிட்டோம், இனி ஒரு சொட்டு விழுந்தாலும் அன்றைக்கே தெரியும். கிணற்றுத் தண்ணீரில் வாசமோ படலமோ இதுவரை இல்லை. இருந்தாலும் குடிக்க இப்போதைக்கு குழாய்த் தண்ணீர்தான்.

மூன்று வாரம் காட்போட் மட்டையைப் போட்டுப் பார்த்தேன். கியர்பொக்ஸ் பக்கம் ஒன்றும் இல்லை, சுத்தம். ஆயிரத்து நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகும் டிப்ஸ்டிக்கில் ஒயில் மேல் கோட்டை விட்டு இறங்கவில்லை. ஆனால் வலப்பக்கத்தில், டைமிங் பெல்ட் மூடியின் அடியில், ஒரு மங்கல் ஈரம் இருக்கிறது. நானா பார்த்தார், கேம் சீலாக இருக்கும் என்கிறார். அந்த மூடியைத் திறந்தால் பெல்ட்டையும் சேர்த்து மாற்றுவதுதான் புத்தி, பெல்ட்டில் ஒயில் பட்டால் அதன் ஆயுளும் குறையும். பெல்ட் எப்போது மாற்றியது என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொப்பியில் பின்பக்கமாகப் புரட்டிக்கொண்டு போய், பழைய ஒரு பக்கத்தில் விரலை வைத்துக் கணக்குப் பார்த்து, இன்னும் நாலாயிரம் கிலோமீற்றர் இருக்கு என்றார். பிறகு கடைசிப் பக்கத்துக்குத் திரும்பி, அன்றைய திகதியைப் போட்டு, "ஒயில் விடவில்லை" என்று எழுதினார்.